மடிக்கணினியைத் தூக்குவதற்கு முன் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டதா?

கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் பங்காளிகளின் பொது வீட்டிலிருந்து காரைக்குடியில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. அந்தச் சிறிய ஆட்டோ பயணத்தில் என் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதாயிற்று. கணினி கீழே விழவில்லை, அதன்மேல் எதுவும் விழவில்லை, தண்ணீர் படவில்லை. பையில் வைத்து, ஆட்டோவில் ஏற்றி, வீட்டில் இறக்கினேன், அவ்வளவுதான். உள்ளே இருந்தவற்றை மீட்பதற்கு 50,000 ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. இரண்டு மாதங்களுக்கும் மேலாக எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லாமல் தனியாகவே கடைகளுக்கும் சென்னைக்கும் அலைந்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் இதைத் தவிர்ப்பது எவ்வளவு எளிது என்று தெரிந்தது. இன்னொருவர் இப்படி அலையக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு பதறினேன் என்பது புரியும். பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கானாடுகாத்தான் வீட்டின் மரப்பெட்டிகளிலும் இரும்புப் பெட்டியிலும் இருந்த பழைய தாள்களை ஸ்கேன் செய்து வைக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்தப் போன ஐயாக்கள் (தாத்தாக்கள்) எழுதிய கடிதங்கள், அடுத்தாள்களோடு (கடை உதவியாளர்களோடு) செய்துகொண்ட சம்பளச் சீட்டுகள், பேரேடுகள், ஐந்தொகைகள் (இருப்புக் கணக்குகள்), திருமணங்களில் எழுதிய இசைகுடிமானங்கள் (திருமண ஒப்பந்தங்கள்) என்று தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது நம் நகரத்தார் பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்; அப்போது வந்து சேர்ந்த சில தாள்களைக் கையால் தொட்டாலே ஓரம் உதிர்கிறது. அவற்றை இரண்டாவது முறை ஸ்கேனர் கண்ணாடியில் வைக்க எனக்குத் துணிவில்லை. இவற்றோடு, காலமாகிவிட்ட எங்கள் பெரியாத்தா பாடிய தாலாட்டுகளும் அவர்கள் சொன்ன குடும்பக் கதைகளும் ஒலிப்பதிவாக இருந்தன. பாதிக்குமேல் வேறெங்கும் பிரதி கிடையாது, ஏனென்றால் முழுவதையும் முடித்துச் சீர்படுத்திய பிறகு பங்காளிகள் எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுக்கலாம் என்பதுதான் திட்டம்.

அன்று மாலை வேலையை முடித்ததும் மடிக்கணினியின் மூடியை மூடினேன். மூடியை மூடினால் கணினி தூங்கிவிடும் என்றுதான் வாங்கிய கடையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்தும் வந்தது. அதே பையில் சார்ஜரும், வயர் இல்லாத மவுஸும் இருந்தன. மவுஸுக்கான சிறிய ரிசீவர் கணினியின் யு.எஸ்.பி. துளையிலேயே செருகியிருந்தது. பையை ஆட்டோவின் இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஓட்டுநர் வைத்தார். பள்ளத்தூர், கோட்டையூர் வழியாக வந்தோம். வேகத்தடைகளில் வண்டி ஏறி இறங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அது அன்றாடம் நடப்பதுதான் என்பதால் அப்போது அதைப் பற்றி எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்து கையை உள்ளே விட்டதும் சூடு அடித்தது. கணினியின் அடித்தகடு, இட்லிப் பானையின் மூடியைத் தொட்டதுபோல் சுட்டது. பக்கவாட்டுத் துளையிலிருந்து காற்று வேகமாக வந்துகொண்டிருந்தது. அதாவது உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் திரையில் கடைசியாக ஸ்கேன் செய்த கடிதம் அப்படியே உறைந்து நின்றது, அம்புக்குறி நகரவில்லை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டபோது இடதுகை மணிக்கட்டு படும் இடத்துக்குக் கீழே இருந்து 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு வினாடி இடைவெளி, மறுபடி 'டிக்', பிறகு மோட்டார் சுருதி இறங்கி நிற்பது போன்ற ஓசை. திரையில் ஹார்ட் டிஸ்க் இல்லை என்ற பொருள்படும் ஒரு வரி வந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரவு முழுவதும் பெரியாத்தாவின் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் மற்ற எச்சரிக்கைகள் தாமாகவே விளங்கும். மடிக்கணினியில் இருக்கும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்குக்குள் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். அவை பெரும்பாலும் கண்ணாடியால் செய்து காந்தப் பூச்சு பூசியவை. சாதாரண டிஸ்க்கில் அந்தத் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது வினாடிக்கு 90 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் தட்டின் வெளிவிளிம்பு மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன்மேல் படிக்கவும் எழுதவும் செய்கிற தலை, தட்டைத் தொடாமல், சுழற்சியால் உண்டாகும் காற்றுப் படலத்தின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் பருமனே பல பத்தாயிரம் நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு குறைவு என்று எண்ணிப் பாருங்கள். ஓடும்போது ஓர் அதிர்வில் தலை தட்டில் பட்டால் பூச்சு சிராய்ந்துவிடும். சிராய்த்த தூள் அதே தட்டில் சுற்றிச் சுற்றி மேலும் சிராய்க்கும். டிஸ்க்கை முறையாக நிறுத்தினால், தலை தட்டை விட்டு முழுவதுமாக விலகி, ஓரத்தில் உள்ள சிறிய பிளாஸ்டிக் சரிவுமேடையில் ஏறி அமர்ந்துகொள்ளும். அதன் பிறகு வண்டி குலுங்கினாலும் தலைக்கும் தட்டுக்கும் தொடர்பே இல்லை. தயாரிப்பாளர்கள் வெளியிடும் விவரத் தாள்களில் இந்த வேறுபாட்டைக் காணலாம்: இவ்வகை டிஸ்க்குகள் ஓடும்போது ஏறத்தாழ 350 முதல் 400 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) வரையிலான அதிர்ச்சியையும், நின்றிருக்கும்போது 900 முதல் 1,000 ஜி வரையிலான அதிர்ச்சியையும் தாங்கும் என்று குறித்திருப்பார்கள், வகைக்கு வகை சற்று மாறும். அதுவும் ஓரிரு மில்லிவினாடி நீடிக்கும் ஒற்றை அதிர்ச்சிக்கான கணக்கே தவிர, தொடர்ந்து உதறிக்கொண்டு வரும் ஆட்டோவுக்கான கணக்கு அன்று. ஜி எண்கள் பெரியவையாகத் தோன்றும். ஆனால் கடினமான தரையில் சில அங்குல உயரத்திலிருந்து விழுந்தாலே அதிர்ச்சி நூற்றுக்கணக்கான ஜி ஆகிவிடும், நம் வீடுகளின் ஆத்தங்குடிக் கல் பதித்த சிமெண்டுத் தரை மெத்தென்று தாங்கிக்கொள்ளும் தரையும் அன்று.

என் கணினி தூங்கித்தான் இருந்தது, பிறகு எப்படி ஓடியது? இந்தக் கேள்விக்கு விடை பின்னால்தான் கிடைத்தது. மீட்டெடுத்த கோப்புகளுக்குள் விண்டோஸின் நிகழ்வுப் பதிவும் இருந்தது. அதைப் பார்த்துக் கொடுத்தவர், நாங்கள் புறப்பட்ட சிறிது நேரத்தில் கணினி விழித்துக்கொண்டதையும், விழிக்கச் செய்தது யு.எஸ்.பி. வழியாக வந்த குறிப்பு என்பதையும் காட்டினார். பையில் இருந்த மவுஸின் அடிப்பக்கப் பொத்தான் அணையாமல் இருந்திருக்கிறது. வண்டி குலுங்கியதும் மவுஸ் நகர்ந்து கணினியை எழுப்பியிருக்கிறது. விழித்த கணினி காற்றில்லாத பைக்குள் சூடேறிக்கொண்டே, ஹார்ட் டிஸ்க்கைச் சுழற்றிக்கொண்டே காரைக்குடி வரை வந்திருக்கிறது. மவுஸ் மட்டுமே காரணமாக இருக்கும் என்பதில்லை. நேரம் குறித்து வைத்த புதுப்பித்தல் வேலைகள் எழுப்பலாம். புதிய கணினிகளில் தூக்கம் என்பதே அரைத் தூக்கம்தான், இணையத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டே இருக்கும். மூடி மூடியிருப்பதால் வெளியில் ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலையில் ஊரிலேயே ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அங்கே டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினார்கள். சத்தம் வந்துகொண்டே இருந்தது. சில நேரம் டிஸ்க் தெரிந்தது, சில நேரம் மறைந்தது. தெரிந்த நேரத்தில் பிழை திருத்தும் நிரலை ஓட விட்டு, சாயங்காலம் வரச் சொன்னார்கள். சாயங்காலம் போனபோது டிஸ்க் முற்றிலும் தெரியாமல் போயிருந்தது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம் என்றும், மூடியைத் திறந்து கையால் தலையை நகர்த்திவிடலாம் என்றும் யோசனைகள் வந்தன. 1,200 ரூபாய் கொடுத்து டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கடைக்காரர்கள் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை, உதவத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த ஒரு பகலில் ஏற்பட்ட சேதம் பயணத்தில் ஏற்பட்டதைவிட அதிகம் என்று பின்னர் அறிந்தபோது எனக்குத் தாங்க முடியாத வருத்தம் உண்டாயிற்று.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கடையில் இருந்த இளைஞர்தான் சரியானதைச் சொன்னார். டிஸ்க்கை வாங்கிக் காதருகே கூட வைக்காமல், மேசைமேல் துணியை விரித்து அதன்மேல் வைத்தார். "ஆச்சி, இதை இனிமே ஆன் பண்ணவே பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் தட்டுல கோடு விழும். நானும் போட்டுப் பார்க்க மாட்டேன்" என்றார். "தம்பி, உங்களுக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்டதற்கு, வேலையே செய்யவில்லை, எதற்குப் பணம் என்று சொல்லிவிட்டு, சென்னையில் டிஸ்க்கைத் திறப்பதற்கென்று தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையங்கள் இருக்கின்றன, அங்கேதான் போக வேண்டும் என்றார். உங்கள் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்ற சத்தமோ உரசும் சத்தமோ வந்தால் முதலில் செய்ய வேண்டியது மின்சாரத்தை நிறுத்துவதுதான். பிழை திருத்தும் நிரல், ஃபார்மட், மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது ஆகிய எதுவும் வேண்டாம். பிழை திருத்தும் நிரல்கள் கோப்பு அட்டவணையில் ஏற்படும் குழப்பத்தைச் சரிசெய்வதற்காக உள்ளவை. உடைந்த தலையை அவை ஒட்ட வைக்காது, மாறாக நொந்துபோன டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைக்கும். ஃப்ரீசரில் வைத்தால் வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் சாதாரண அறைக் காற்றில் உள்ள ஒரு தூசித் துகளே தலைக்கும் தட்டுக்கும் நடுவில் மலைபோல் நிற்கும்.

விடியற்காலையில் புறப்படும் பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனேன். டிஸ்க்கை எப்படிக் கட்டிக்கொண்டு போவது என்று அந்தத் தம்பியே சொல்லியிருந்தார்: மின்னேற்றம் தாக்காமல் இருப்பதற்கான வெள்ளிநிறப் பையில் இட்டு, எல்லாப் பக்கமும் இரண்டு விரல் பருமனுக்கு ஸ்பாஞ்சு சுற்றி, உள்ளே ஆடாத அளவுக்குச் சரியான ஒரு சிறிய அட்டைப்பெட்டியில் வைத்தோம். பெட்டிக்குள் டிஸ்க் ஆடினால் சுற்றியதற்குப் பயனில்லை. எழும்பூர் போய்ச் சேரும்வரை பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

மீட்பு நிலையத்தில் பரிசோதனைக்கு 2,000 ரூபாய் வாங்கினார்கள். படிக்கும் தலைகளில் ஒன்று பழுதாகிவிட்டது, தட்டில் ஓரிடத்தில் வளையமாகச் சிராய்ப்பு இருக்கிறது என்றார்கள். அதே மாதிரியில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு டிஸ்க்கை வாங்கி, அதன் தலைத் தொகுதியைக் கழற்றி என் டிஸ்க்கில் பொருத்த வேண்டும். மாற்று டிஸ்க்கின் விலையும் சேர்த்து 46,000 ரூபாய், எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது என்றார்கள். கணினி வாங்கிய விலையைவிட அது அதிகம். வாசலில் வந்து சிறிது நேரம் நின்றேன்; பிறகு உள்ளே போய்க் கையெழுத்திட்டேன். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வயதில் நான் இல்லை, ஆனாலும் அந்தத் தாலாட்டுகளை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது: டிஸ்க்கைத் தூசியற்ற அறையில்தான் திறக்கிறார்களா, நேரடியாகக் கோப்புகளைத் தேடாமல் முதலில் முழு டிஸ்க்குக்கும் நகல் எடுத்து அந்த நகலில்தான் வேலை செய்கிறார்களா, ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவார்களா, வேலை முடிந்ததும் தங்களிடம் உள்ள நகலை அழித்துவிடுவார்களா என்பவை அவை. எந்த ஃபோல்டர் முதலில் வேண்டும் என்ற பட்டியலையும் எழுதிக் கொடுங்கள். புதுத் தலை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது தெரியாததால், நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்குவார்கள். உங்கள் பட்டியல் அந்த வரிசைக்கு உதவும். கணினியில் பிட்லாக்கர் பூட்டு (டிஸ்க்கில் உள்ளவற்றை மறையாக்கி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் 48 இலக்கத் திறவு எண்ணையும் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் தட்டு முழுவதையும் படித்தாலும் கோப்பு கிடைக்காது. புதிய கணினிகள் பலவற்றில் நமக்குத் தெரியாமலேயே இந்தப் பூட்டு போட்டிருக்கும் என்பதால், அந்த எண்ணை இன்றே தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள்.

பல வாரங்களுக்குப் பிறகு நான்கில் மூன்று பங்குக்கு மேல் கிடைத்தது. கடிதங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. பேரேடுகளில் சில பக்கங்கள் பாதிக்குமேல் சாம்பல் நிறக் கோடுகளாக இருக்கின்றன. தாலாட்டுகளில் சில முழுமையாக வந்தன. சில நடுவிலேயே நின்றுவிடுகின்றன. பெரியாத்தா பினாங்கில் இருந்த தம் அப்பச்சியை, அதாவது தந்தையைப் பற்றிச் சொன்ன நீண்ட பதிவு கிடைக்கவே இல்லை. அதைத் திரும்பச் சொல்ல இனி யாரும் இல்லை.

இனி, எடுத்துச் செல்லும் முன் செய்ய வேண்டியவை. முதலில் உங்கள் கணினியில் இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா (சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் சாதனம்) என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதைப் பார்த்தால் எழுதியிருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால், இடம் மாற்றும்போது மூடியை மூடுவதோடு விட்டுவிடாமல் ஷட் டவுன் செய்யுங்கள். திறந்திருக்கும் வேலைகள் அப்படியே இருக்க வேண்டும் என்றால் ஹைபர்நேட் செய்யலாம். அதில் நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கணினி முழுவதும் அணைந்துவிடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போனால், மூடியை மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை மாற்றலாம். நான் பேட்டரியில் இருக்கும்போதும் மின்சாரத்தில் இருக்கும்போதும் ஹைபர்நேட் என்றே வைத்திருக்கிறேன். அங்கே ஹைபர்நேட் காணப்படாவிட்டால், பவர் பொத்தான்கள் செய்யும் வேலையைத் தேர்வு செய்யும் பக்கத்தில் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், இந்தக் கருவி கணினியை எழுப்பலாம் என்ற பெட்டியில் உள்ள டிக் குறியை எடுத்துவிடுங்கள். எடுத்தாலும்கூட, பயணத்தின்போது ரிசீவரைக் கழற்றிவிட்டு மவுஸையும் அணைப்பதே நிச்சயம்.

திரை இருண்டதும் உடனே தூக்காதீர்கள். திரை அணைந்த பிறகும் சில வினாடிகள் டிஸ்க் ஓடும், புதுப்பித்தல் நடந்துகொண்டிருந்தால் பல நிமிடங்கள் கூட ஓடும். விளக்குகள் எல்லாம் அணைந்து, விசிறி நின்று, அதற்குப் பின்னும் 20 வினாடி பொறுத்து, அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மெல்லிய நடுக்கம் ஒன்றும் இல்லை என்றால் டிஸ்க் நின்றுவிட்டது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்கும் பழக்கத்தை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் திடீரென்று நின்றால், சுழலும் தட்டின் மீதமுள்ள ஓட்டத்திலிருந்தே மின்சாரம் எடுத்துத் தலையை இழுத்து ஒதுக்கிக்கொள்ளும் ஏற்பாடு டிஸ்க்கில் இருக்கிறது. ஆனால் அது முறையான ஒதுங்கலைவிடக் கடுமையானது, அப்படி எத்தனை முறை தாங்கும் என்பதும் சாதாரண முறையைவிட மிகக் குறைவு.

வீட்டுக்குள் இடம் மாற்றுவதும் பயணம்தான். முகப்பிலிருந்து வளவுக்கும், வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கும் போகும்போது நம் வீடுகளில் உயரமான நிலைப்படிகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவற்றைத் தாண்டுவதை நானே எத்தனையோ விசேஷ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஓடும் டிஸ்க்கை மெதுவாகச் சாய்ப்பதால் கேடில்லை, ஆனால் மேசைமேல் 'டக்' என்று வைப்பது கேடு. கீழே விழுவதை உணர்ந்து தலையை ஒதுக்கும் உணர்கருவி சில கணினிகளில் உண்டு, ஐ.பி.எம். நிறுவனம் 2003-இல் தன் திங்க்பேடுகளில் இதைக் கொண்டு வந்தது, பிறகு ஆப்பிளும் ஹெச்.பி.யும் தம் கணினிகளில் வைத்தன. ஆளுயரத்திலிருந்து விழும்போது அது உதவும். 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நழுவும் பொருள் தரையைத் தொட ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் தலை ஒதுங்கி முடித்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது.

வண்டியில் போகும்போது பையைத் தோளிலோ மடியிலோ வைத்துக்கொள்ளுங்கள், உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஆட்டோவின் பின்பக்கம், ஸ்கூட்டரின் கால்மிதி, பேருந்தின் சாமான் அடுக்கு ஆகியவை வேண்டாம். சார்ஜரின் கனத்த கட்டி கணினியோடு உரசாமல் பையின் தனி அறையில் இருக்கட்டும். வெயில் நேரத்தில் மூடிய காரில் கணினியை விட்டுவிட்டுச் சாமி கும்பிடப் போகாதீர்கள்; இந்த டிஸ்க்குகள் ஓடும்போது பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும், நின்றிருக்கும்போது அதற்குச் சற்று மேலும்தான் தாங்கும், நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் காருக்குள் ஏறும் சூடு அந்த எல்லையை நெருங்கிவிடும். குளிர்சாதனக் காரிலிருந்து புழுக்கமான வீட்டுக்குள் கொண்டு வந்தால் அரைமணி நேரமாவது பையிலேயே விட்டு வைத்து, பிறகு போடுங்கள். மூக்குக் கண்ணாடியில் படியும் ஈரம் கணினிக்குள்ளும் படியும். விமான நிலையத்தில் எக்ஸ்ரே வழியாகப் போவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதனால் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது.

வீடு மாற்றும்போதும் நீண்ட பயணத்துக்கு முன்பும் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளை முக்கியமாகப் பாருங்கள்; முறையே, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுத்த பகுதிகள், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள், படிக்கவே முடியாத பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை அது. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யமாக இல்லையென்றால், பிரதி எடுக்கும்வரை அந்தக் கணினியை மேசையை விட்டு எடுக்காதீர்கள். பூஜ்யமாக இருப்பதாலேயே பயமில்லை என்றும் ஆகாது. என் டிஸ்க்கில் முந்தைய வாரம் வரை எந்தக் குறையும் பதிவாகியிருக்கவில்லை.

பிரதி விஷயத்தில் இப்போது நான் மூன்று, இரண்டு, ஒன்று என்று சொல்லும் முறையைப் பின்பற்றுகிறேன்: எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில். அன்றைக்கு ஸ்கேன் செய்ததைக் கானாடுகாத்தானை விட்டுப் புறப்படும் முன்பே வெளி டிஸ்க்கில் எழுதி, அங்கேயே சில கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுகிறேன். கணினியும் அந்தப் பிரதியும் ஒரே பையில் வருவதில்லை. வெளி ஹார்ட் டிஸ்க்குக்குள்ளும் அதே தட்டும் தலையும்தான் இருக்கின்றன. ஆகவே அதையும் சேஃப்லி ரிமூவ் கொடுத்து, வயரைக் கழற்றி, சுழற்சி நின்ற பிறகே கையில் எடுக்க வேண்டும். செருகிய நிலையில் வயரில் தொங்க விடுவதும் மேசையில் செங்குத்தாக நிறுத்தி வைப்பதும் வேண்டாம்.

கணினியில் பழுதான டிஸ்க்குக்குப் பதிலாக 1 டி.பி. எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டேன். பழைய டிஸ்க்கைப் போலவே இரண்டரை அங்குல சாட்டா (இணைப்பு முனையின் பெயர்) வகை என்பதால் பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே நான்கு திருகாணிகளோடு பொருந்திவிட்டது. அதில் சுழலும் பாகம் இல்லை, குலுக்கலால் கெடாது. என்றாலும் எஸ்.எஸ்.டி. கெடும்போது சத்தம் போட்டு முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை, ஒரு நாள் பேசாமல் நின்றுவிடும். அழித்த கோப்புகளை அதிலிருந்து மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம். மின்சாரமே கொடுக்காமல் பல ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்தால் அதிலுள்ள மின்னேற்றம் மெல்ல இறங்கி, எழுதியவை கெடக்கூடும். ஆகவே கையோடு கொண்டு திரியும் பிரதிக்கு எஸ்.எஸ்.டி.யையும், சென்னையில் என் உடன்பிறந்த தம்பி வீட்டு அலமாரியில் அசையாமல் இருக்கும் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க்கையும் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை அதைக் கணினியில் மாட்டிப் படித்துப் பார்க்கும் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டிருக்கிறான்.